முள் பார்க்கிற சாக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், புகுந்த வீட்டில் சொன்னார்கள், கடைசியில் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், என்னைவிடப் பத்து வயது சின்னவளான பயிற்சியாளரும் அதையே நாசூக்காகச் சொன்னாள். "நீங்க ரொம்ப நல்லா பேசறீங்க மேடம். அதுதான் பிரச்சினை."

நான் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. ஆனாலும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள ஏரியோரத்து ஊர்களில் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான். மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவது எப்படி என்று ஐந்து நாள் பயிற்சி, அதுவும் விஞ்ஞான முறைப்படி என்று தகவல் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு என்ன விஞ்ஞானம் வேண்டிக்கிடக்கிறது? நறுக்கென்று நாலு கேள்வி கேட்டால் மாறிவிட்டுப் போகிறார்கள். அப்படித்தான் நான் இத்தனை வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி மட்டும் மாறவில்லை. தோணிரேவு தாண்டி ஏரியை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் அவளுடையது. ஐம்பது வயதிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கையால் இறால் பிடிக்கிறவள். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கி, குனிந்தபடி சேற்றைக் கைகளால் துழாவிக்கொண்டே போவார்கள். பனையோலையில் பின்னிய பறியை ஒவ்வொருத்தியும் பல்லில் கவ்விக்கொண்டிருப்பாள். பிடித்த இறால் நேராக அதற்குள் போய்விடும். அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. வெறுங்காலோடு சேற்றிலும் சிப்பி ஓட்டிலும் நடக்கிறவளுக்குக் காலில் ஒரு புண் வந்து, அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய சொந்த அண்ணனுக்கு அப்படித்தான் முட்டிக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்.

ஆனால் நான் சொல்லாமல் விடுவேனா? மாதம் தவறாமல் சொன்னேன். "காலக் காட்டுக்கா" என்பேன். "ஒண்ணுமில்லம்மா, நீ சக்கர பாத்துட்டு போ" என்று புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வாள். எனக்குச் சுர்ரென்று ஏறும். "உங்க அண்ணனப் பாத்தும் புத்தி வரலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

பயிற்சியின் முதல் நாள் எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் பத்து நிமிஷம் கேட்க வேண்டும். யோசனை எதுவும் சொல்லக் கூடாது. இவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவள் தனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை என்று ஆரம்பித்தாள். "கசகசா போட்டு பால் குடிச்சி பாருங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

மறுநாள் சிரிப்பு இல்லை. நாங்கள் யாரிடமாவது சொன்ன மிகக் கடுமையான வாக்கியத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னாள் பயிற்சி கொடுத்த அந்தப் பெண். அண்ணனைப் பற்றி அக்காவிடம் கேட்டதை எழுதினேன். அவள் என் அருகில் வந்து படித்தாள். திட்டவில்லை. "இதச் சொன்னப்புறம் அவங்க என்ன செய்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"காலை மூடிக்கிட்டாங்க" என்றேன்.

"அதுக்கு முன்னாடி மாசம்?"

"அப்பவும்தான்."

"முதல் தடவை போனப்ப?"

யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை அக்கா காலைக் காட்டினாள். வெடிப்பைக்கூடத் தானே தொட்டுக் காட்டினாள். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அவள் அண்ணன் காலைப் பற்றிப் பேசினேன். "பயந்தவங்க மாத்திக்க மாட்டாங்க மேடம், மொதல்ல மறைப்பாங்க" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். சனியன் பிடித்த என் வாய்தான் அக்காவின் காலைப் புடவைக்குள் தள்ளியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு பழக்கம், ஆறு வாரம். நான் அக்காவை எடுத்துக்கொண்டேன். பழக்கம் இதுதான்: தினமும் ஒரு தடவை அவள் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும். அவளே பார்த்துக்கொள்ள முடியாது. முட்டி மடங்காது, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவும் வராது.

முதல் வாரம் போனபோது புடவைப் பக்கமே நான் திரும்பவில்லை. சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன். "அக்கா, காலப் பாத்துக்கறது உனக்கு எவ்ளோ முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒண்ணு சொல்லு."

"இன்னாம்மா இது, பள்ளிக்கூடமா? ரெண்டு" என்றாள்.

ரெண்டா! பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். "சரிக்கா. பூஜ்யம்னு சொல்லாம ஏன் ரெண்டு சொன்ன?"

அக்கா வெளியே காயவைத்திருந்த பறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "போன மாசம் அடுப்பாண்ட நெருப்புத் துண்டு மேல கால வெச்சிட்டேன்மா. தெரியவே இல்ல. நாத்தம் வந்தப்பறந்தான் குனிஞ்சி பாத்தேன்."

காலில் உணர்ச்சியே இல்லாமல்தான் இவள் தினமும் ஏரியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவ. போனா கால எடுத்துருவாங்க. எங்கண்ணனுக்கு எடுத்தாங்களே. நீதான மாசாமாசம் சொல்ற?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "தப்பு என்னுதுதான்க்கா" என்றேன். அந்த வார்த்தையை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. புண் முற்றிய பிறகு போனதால்தான் அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள், சீக்கிரம் போகிறவர்களுக்கு எடுப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் மிரட்டாமல் சொன்னேன். அந்த வாரமே டாக்டரிடம் வந்தாள். நெருப்புப் புண் ஆறியிருந்தது. தண்ணீரில் இறங்காமல் இருந்தால் நல்லது, இறங்கினால் செருப்பாவது வேண்டும் என்றார் டாக்டர். "செருப்பு சேத்துல மாட்டிக்குமே. எங்க நைனா காலத்துலேர்ந்து யாரு சார் செருப்பு போட்டு ஏரில எறங்கனாங்க?" என்று அவரையே கேட்டாள் அக்கா. தினமும் காலைப் பார்க்கச் சொன்னதற்கு மட்டும் தலையாட்டினாள்.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. இவர்களிடம் அப்படி ஒன்று இருந்தது. கரை ஏறியதும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இறால் தலையில் இருக்கிற கொம்பு குத்திய விரல்களை ஒருத்திக்கு ஒருத்தி பார்த்து, ஒடிந்த நுனியை எடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு ஜோடி அவள் அண்ணி. காலை இழந்த அண்ணனின் மனைவி. கெட்டுப்போகிற புண் எப்படி இருக்கும் என்று பார்த்தவள். கையைப் பார்க்கிறவள் காலையும் பார்த்துவிட்டுப் போகிறாள், இதைவிட வசதி வேறென்ன? நான் பெருமையோடு மத்தியானம் கரைக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் சரி என்று அக்காவின் காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அக்கா துள்ளி எழுந்துவிட்டாள். "ஐயோ! பெரியவங்க! எங்கால அவங்க தொடறதா? எனக்குப் பாவத்த சேக்கறியா நர்ஸம்மா?" என்று கத்தினாள். அண்ணிக்கும் முகம் சிறுத்துவிட்டது. மற்ற பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மூத்தவள் கை இளையவள் காலில் படக் கூடாது என்பது எனக்கு மட்டும் தெரியாதா என்ன? என் மாமியார் என் காலைத் தொட்டால் நான் விட்டுவிடுவேனா? ஐந்து நாள் படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது. போதாக்குறைக்குக் கோபமும் வந்து, "கால் போனா பரவால்ல, மரியாத போகக் கூடாது, அப்படித்தான?" என்று கேட்டுத் தொலைத்தேன். பயிற்சி கொடுத்த பெண் மட்டும் அங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய், "அக்கா, நான் சொன்னது சரிப்படல. உனக்கு எப்படித் தோதுப்படும்னு நீயே சொல்லு" என்றேன். பொரி போட்ட தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "முள்ளு குத்தனா தொடலாம்" என்றாள்.

"என்னது?"

"முள்ளு எடுக்கறதுக்கு வயசு கெடையாதும்மா. மாமியாளா இருந்தாலும் மருமவ காலத் தூக்கி மடில வெச்சி எடுக்கலாம். அதுல பாவம் இல்ல. ஏரிக்குப் போற வழி பூரா வேலிக்காத்தான் முள்ளுதான? டெய்லி முள்ளு பாக்கட்டும். அவங்க எங்கால பாக்கட்டும், நா அவங்க கால பாக்கறேன்."

எனக்குச் சந்தோஷத்தில் கத்தலாம் போல இருந்தது. ஐந்து நாள் பயிற்சி, ஏழெட்டுப் படிவம், ஒரு கத்தை நோட்ஸ், எதிலும் இது இல்லை. மறுநாளிலிருந்து அண்ணியும் அக்காவும் கரையில் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி முள் பார்த்தார்கள். "முள்ளு இருக்குதா பாருங்க அண்ணி" என்று அக்கா வெட்கத்தோடு காலை நீட்டுவாள். அண்ணி விரல் இடுக்கு முதல் குதிகால் வரை தடவிப் பார்ப்பாள். இரண்டே வாரத்தில் அந்த வெட்கமும் போய்விட்டது.

ஐந்தாம் வாரம் ஒரு மத்தியானம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "குதிகாலாண்ட சிப்பி ஓடு ஏறிக்கினு கீதும்மா. அரை விரல் நீளம் இருக்கும். ரத்தம் வருது. இவளுக்கு ஒண்ணுமே தெரியல, சிரிச்சிக்கினு நிக்கறா. நா புடுங்கல." புடுங்காதீங்க என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. சுத்தமான துணியைச் சுற்றி, ஷேர் ஆட்டோவில் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் அக்கா சிரிக்கவில்லை. "எடுத்துருவாங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே அழைத்துப்போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அண்ணியும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே பெஞ்சில் புருஷனுக்காக உட்கார்ந்திருந்தவள் அல்லவா. டாக்டர் வெளியே வந்து, "எலும்புக்குப் போகல. எடுத்தாச்சு, ஊசி போட்டாச்சு. ஒரு மாசம் தண்ணில கால் படக் கூடாது, ஆறிடும்" என்றார். பிறகு, "குத்தினது எப்போ?" என்று கேட்டார்.

"காலையில சார்" என்றேன்.

"உணர்ச்சி இல்லாத காலாச்சே, இன்னிக்கே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முள்ளு பாக்க சொல்லோ கெடச்சிது சார்" என்றாள் அண்ணி.

அப்பாடா! எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து அழுகைதான் வந்தது. அண்ணி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ இன்னாம்மா இதுக்குப் போயி" என்று என்னைத் திட்டினாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஊருக்குள் ஆட்டோ நுழைந்தபோது அக்காவின் அண்ணன் ஊன்றுகோலோடு ரோட்டு முனையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று மட்டும்தான் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். அக்கா கட்டுப்போட்ட காலை முதலில் கீழே வைத்தாள், பிறகு அடுத்த காலை. அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். "இருக்குதுண்ணா, ரெண்டும் இருக்குதுண்ணா" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நடந்ததையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "அவ கால டெய்லி தூக்கி வெச்சி பாத்திருக்க. எங்கால ஒரு நாளு பாத்திருப்பியாடி?"

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ காட்டனியா?"

அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒற்றைக் காலை அவள் பக்கம் நீட்டினார்.