சொந்தத் தலையோடு ஒரு நாத்தனார்

கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கடலூர் ரோட்டைப் பார்த்தபடி, பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு கல்யாண பேனர். நடுவில் மாப்பிள்ளை முத்துக்குமரனும் பொண்ணு சரண்யாவும். கீழ்வரிசையில் கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள், மேல்வரிசையில் சொந்தக்காரர்கள். வலது ஓரத்தில் மாப்பிள்ளையின் அப்பா நாகராஜன். அவருக்குப் பக்கத்தில், தடித்த பின்னலைத் தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண், மாப்பிள்ளையின் ஒரே அக்கா ஆதிலட்சுமி. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், தாலியின் அடுத்த இரண்டு முடிச்சுகளைப் போடவேண்டிய நாத்தனார் அவள்தான்.

பேனரை டிசைன் செய்ததும் அவள்தான். அதே நிறுத்தத்தில் பத்து வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பாள், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். மஞ்சள் நீராட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை சுற்றுவட்டாரத்தின் முக்கால்வாசி பேனர்கள் அவள் கம்ப்யூட்டரில் பிறந்தவை. எல்லோருக்கும் புதுப் படம் கேட்டு வாங்கிப் போட்டவள், தனக்கு மட்டும் பதினோரு வருஷத்துக்கு முந்தைய படத்தைப் போட்டுக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கட்டைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா கடைக்குள் வந்தார்.

"ஏம்மா, அந்த பேனர்ல கீதே, மாப்ளயோட அக்கா... அது இங்கதான் எங்கியோ கடை வெச்சிருக்குதாமே, உனுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா. இன்னா வேணும்?"

அந்த அம்மா திரும்பி ரோட்டைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மறுபடி ஆதிலட்சுமியைப் பார்த்தார். பார்வை முகத்தில் நிற்காமல் மேலே ஏறி, உச்சந்தலையில் மண்டை தெரிகிற இடத்தில் போய் நின்றது.

"ஐயே! ஒடம்பு கிடம்பு சரியில்லயாம்மா?"

வந்தவர் பொண்ணுக்குப் பெரியம்மா. நாத்தனாருக்கு எடுத்த புடவையைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். கொடுத்தார், டீ வேண்டாம் என்றார், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஆதிலட்சுமி கடை வாசலில் நின்று பேனரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையாலேயே தன்னை அங்கிருந்து நீக்கிவிட்டு வேறொருத்தியை உட்காரவைத்தது போல இருந்தது.

முடி ஒரே நாளில் போகவில்லை. முப்பத்து நான்கு வயதில் வகிடு அகல ஆரம்பித்தது. முதலில் சீப்பைக் குறை சொன்னாள், அப்புறம் போர் தண்ணீரை. சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு தேய்த்தாள், கடைக்கு வருகிறவர்கள், "இன்னாக்கா, இன்னைக்கு சாம்பாரா?" என்று கேட்டார்கள். வெந்தயம், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் பார்த்தாயிற்று. யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று தலையைக் கீழே தொங்கவிட்டு மசாஜ் செய்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு மாசி மகத்துக்கு, மண்டை தெரியாமல் இருக்கத் தூவுகிற கறுப்புப் பொடியைப் போட்டுக்கொண்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனாள். கூட்டம், வெயில், வேர்வை. சாமி கும்பிட்டுத் திரும்பினால் நெற்றியிலிருந்து மூக்கு வரை கறுப்பாக ஒரு கோடு. கணவன் தணிகைவேல் தோள் துண்டால் துடைத்துவிட்டு, "வா, போலாம்" என்றான். அவன் எலக்ட்ரீஷியன். கரண்டுக்கும் அவளுக்கும் மட்டும்தான் பயப்படுவதாகச் சொல்லிக்கொள்வான்.

அரியூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையைப் பார்த்த பிறகு கேட்ட முதல் கேள்வி: "அப்பாவுக்கு முடி எப்படி?"

"முப்பது வயசிலயே வழுக்க, சார்."

"அங்கருந்து வந்ததுதான். மருந்து போட்டா இருக்கறது நிக்கும். போனது அப்படியே திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன்."

ஐந்து வருஷத்தில் அவளிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர்தான் என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. மருந்தைப் போட்டாள். இருந்ததில் கொஞ்சம் நின்றது. ஆனால் எல்லோருடைய பார்வையும் போவது, நிற்காத இடத்துக்குத்தான்.

தம்பி கல்யாணம் முடிவானதும் அம்மா ஒரு விக் வரவழைத்தாள். ஆதிலட்சுமியும் மறுக்கவில்லை. பழகிக்கொள்வோம் என்று ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டே கடையைத் திறந்தாள். பதினோரு மணிக்குள் காதோரம் அரித்தது. ஸ்கேனர் மேல் குனியப் பயம். கடலூர் பஸ் ஒவ்வொன்றும் கடக்கும்போது அடிக்கிற காற்றுக்கு, சல்யூட் அடிப்பது போலக் கை தானாகத் தலைக்குப் போயிற்று. மதியம் கழற்றிப் பிரிண்டர் மேல் வைத்தாள். விண்ணப்பம் போட வந்த ஒரு பெரியவர், "பூனை வளக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

பொண்ணின் பெரியம்மா வந்துபோன அன்று சாயந்திரம், பக்கத்துக் கடை ரோஸ்லினின் பியூட்டி பார்லருக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரோஸ்லின், மெஷின எடு. மொத்தமா அடிச்சுடு."

"அக்கா, விளையாடாத. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் கீது. உன் தம்பி வந்து என் கடைய ஒடைப்பான்."

"அவன் வந்தா எங்கிட்ட அனுப்பு."

"வூட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

"தலை அவருதா?"

ரோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டு மெஷினைப் போட்டாள். ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஐந்து வருஷமாகக் காலையில் எழுந்ததும் தலையணையில் விழுந்ததை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, இனி எண்ணுவதற்கு எதுவும் இல்லை என்பதே பெரிய ஓய்வாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவின் மண்டை. அதே உருண்டை, பின்பக்கம் அதே சின்ன மேடு.

வீட்டில் அவளைப் பார்த்ததும் அம்மா வாயில் கை வைத்தாள். கையை எடுத்ததும் வேகமாக யோசித்தாள்.

"சரி, ஆனது ஆச்சு. மயிலம் முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிடலாம். தம்பி கல்யாணம் நல்லா நடக்கணும்னு அக்கா முடி குடுத்துச்சுன்னா, கேக்கறவங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. யாரும் ஒரு வார்த்த பேசமாட்டாங்க."

உண்மைதான். இந்த ஊரில் மொட்டைத் தலைக்கு ஒரே ஒரு கேள்விதான்: எந்தக் கோயில்? பதில் சொல்லிவிட்டால் மரியாதை. ஒரே ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

"மாட்டேன்" என்றாள் ஆதிலட்சுமி. "நான் முருகனுக்கு எதுவும் குடுக்கல. தானா போச்சு. மிச்சத்த நான் எடுத்தேன். சாமிய எதுக்கு நடுவுல இழுக்கற?"

"ஒரு பொய்தானடி!"

"அஞ்சு வருசமா தலையில பொய்ய வெச்சிக்கினு திரிஞ்சேன். இப்ப வாயில வெக்கணுமா?"

முத்துக்குமரன் செல்போனைப் பார்த்தபடியே, "அக்கா, பொண்ணு வூட்ல இன்னா நெனப்பாங்கன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?" என்றான்.

"யோசிச்சேன். அப்பாவ பாத்து இன்னா நெனச்சாங்க?"

நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாகராஜன் நிமிர்ந்தார். பேனரில் அவருடைய வழுக்கை சூரியன் மாதிரிப் பளபளக்கிறது. அதற்கு யாரும் விக் வாங்கவில்லை, வேண்டுதல் கதை கட்டவில்லை. முப்பது வயதில் அதே மண்டையோடுதான் மணவறையில் உட்கார்ந்தார்.

"என்னைய ஏன்டி இழுக்கற?" என்றார். பிறகு மகளின் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்ளோ நல்லா இல்ல" என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் கடையில் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, டைமர் வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்தாள். மூன்றாவது படம் சரியாக வந்தது. எத்தனையோ பேருக்குக் கம்ப்யூட்டரில் நெற்றியில் கொஞ்சம் முடியை இறக்கிக் கொடுத்த கை, இதில் முகப்பருவைக்கூட அழிக்கவில்லை. இரண்டடிக்கு இரண்டடி பிரிண்ட் போட்டாள். தணிகைவேல் வேலைக்கு எடுத்துப் போகிற ஏணியைச் சாய்த்து ஏறி, பழைய பின்னல் மேல் ஒட்டினான். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது.

"எந்தக் கோயில்க்கா?" என்றது ஒரு குரல்.

"ரோஸ்லின் பார்லர்" என்றாள்.

நிறுத்தமே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வாட்ஸ்அப்பில் ஏறிப் பொண்ணு வீட்டுக்குப் போனபோது சிரிப்பாக இல்லை. அன்று மாலையே சரண்யாவின் அம்மா போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. வேண்டுதல்னா நாங்களே சந்தோசமா ஒத்துப்போம். இது அப்படியும் இல்லன்னு நீயே ஊருக்குச் சொல்ற. நல்ல காரியத்துல, தாலி முடியற நேரத்துல, பின்னால மொட்டத் தலையா ஒரு பொம்பள நின்னா சனங்க ஆளுக்கு ஒண்ணு பேசும். உங்க சித்தப்பா பொண்ணு ஒண்ணு கீதாமே, அது முடிச்சு போடட்டும். நீ மொத வரிசையில உக்காந்து பாரு."

"என் தம்பிக்கு நான் கீறேன். சித்தப்பா பொண்ணு எதுக்குங்க?"

"எங்க பொண்ணு வாழ்க்கம்மா."

ஆதிலட்சுமி போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. நடக்கப் பழகியது அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு. அம்மா கரும்புக் கொல்லைக்குப் போன நாட்களில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூட வாசல் வரை போவாள்.

"நீ சொல்லு, முத்து."

"நான் நடுவுல மாட்டிக்கினேன்கா. ரெண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் எதுவும் சொல்லல."

அது வலித்தது. மொட்டை அடித்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. துடைத்துக்கொண்டு, "சரி, நீ சொல்லாத. நான் வந்து நிப்பேன். தள்ளி விடறதுன்னா நீயே தள்ளிவிடு" என்றாள்.

கல்யாணம் பாகூரில் ஒரு மண்டபத்தில். வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற பெண், வருகிறவர்களுக்கெல்லாம் பூவை நீட்டிக்கொண்டிருந்தவள், ஆதிலட்சுமியைப் பார்த்ததும் கையைப் பாதியில் நிறுத்தினாள். ஆதிலட்சுமி தட்டிலிருந்து தானே ஒரு முழம் மல்லியை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பொண்ணு வீட்டார் கொடுத்த அரக்குப் பட்டு, நெற்றியில் பெரிய குங்குமம், காதில் ஜிமிக்கி. மறைக்க முடி இல்லாததால் ஜிமிக்கி முழுசாகத் தெரிந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மணவறையில் சரண்யாவுக்குப் பின்னால் சித்தப்பா பெண் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தாள். பாவம், இருபது வயதுப் பிள்ளை. ஆதிலட்சுமி படியேறி வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஓரத்தில் சரண்யாவின் அம்மா நின்றுகொண்டு, 'வேண்டாம்' என்று கண்ணாலேயே சொன்னார். ஆதிலட்சுமி பார்த்தாள், நிற்கவில்லை. பொண்ணுக்குப் பின்னால் போய்ச் சித்தப்பா பெண்ணின் தோளோடு தோளாக நின்றுகொண்டாள். இப்போது அங்கே இரண்டு நாத்தனார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை மழையாக விழுந்தது. முத்துக்குமரன் மஞ்சள் கயிற்றைச் சரண்யாவின் கழுத்தில் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். ஐயர், "நாத்தனார், நாத்தனார்" என்று அவசரப்படுத்தினார். சித்தப்பா பெண் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டினாள்.

முத்துக்குமரன் கயிற்றை விடவில்லை.

இரண்டு முனைகளையும் விரல்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். "விடுப்பா, நேரம் போவுது" என்று யாரோ கத்தினார்கள்.

"அக்கா வரட்டும்" என்றான் முத்துக்குமரன். பிறகு தலையைத் திருப்பி, மேளத்துக்கு மேலே கேட்கும்படி, "எங்கக்கா! ஆதிலட்சுமி! புடிக்கா!" என்று கத்தினான்.

சித்தப்பா பெண் மூச்சை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். ஆதிலட்சுமி குனிந்தாள். மாலையும் பூவும் கனத்துக் கிடந்த தன் பின்னலைச் சரண்யா தானே கையைப் பின்னால் கொண்டுவந்து ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். "சீக்கிரம் போடுங்க அண்ணி, கை வலிக்குது" என்றாள் கீழ்க்குரலில்.

ஆதிலட்சுமி இரண்டாவது முடிச்சைப் போட்டாள். அதற்குள் போட்டோகிராபர் வீடியோ லைட்டுக்குப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார்.

"அக்கா, தலைய கொஞ்சம் இப்படித் தள்ளிக்குங்க! லைட்டு அடிச்சு எல்லாம் வெள்ளையா வருது!"

மண்டபம் முழுக்க மேடையைப் பார்த்தது. ஆதிலட்சுமி நிமிரவில்லை. விரல் மூன்றாவது முடிச்சில் இருந்தது.

"தலை இங்கதான் இருக்கும்" என்றாள். "நீ லைட்ட தள்ளிக்கோப்பா."

முதலில் சிரித்தது சரண்யா. தோள் குலுங்கியதில் கயிறு நழுவப் பார்த்தது. "ஆடாதடி" என்று அதட்டிக்கொண்டே, ஆதிலட்சுமி முடிச்சை இழுத்து இறுக்கினாள்.