சடங்கு வீட்டுக்கு வாங்கிய கேமரா

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் தங்கச்சி மவன். அவனையும் சேர்த்துத்தான் எண்ணணும். கல்மண்டபம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடை வைத்தே அத்தனை பேரையும் ஆளாக்கினேன். யார் வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை.

இப்போது சொல்ல வந்தது என் கடைசி மகள் கேமரா வாங்கின கதை. அவளுக்குக் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். ஒரு ஸ்டுடியோக்காரனிடம் லைட் பிடிக்கிற வேலை. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அவன் படம் எடுப்பான், இவள் லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பாள். அவன் சாப்பிடப் போகிற நேரத்துக்குத்தான் கேமரா இவள் கைக்கு வரும். அந்த நேரத்தில் கற்றுக்கொண்டதுதான் அவள் தொழில்.

எம்.கே.பி. நகரில் ஒரு வீட்டில் பெண் வயசுக்கு வந்திருந்தது. தலைக்குத் தண்ணி ஊற்றும்போது ஆம்பளை யாரும் உள்ளே வரக்கூடாது. அதனால் அந்தப் பெண்ணின் அம்மா நேராக என் மகளிடம் வந்தாள்.

"யக்கா, உள்ள நடக்கறத நீயே எடுத்துக் குடு. மண்டபத்துக்கு வேற ஆள் சொல்லிக்கறோம்" என்றாள்.

இவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்டுடியோக்காரனிடம் ஒரு நாளைக்குக் கேமரா கேட்டதற்கு, "தனியா போறதுன்னா போ, அப்பறம் இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கையில் கேமரா இல்லை. படம் கெட்டுப்போனால் அந்தப் பெண்ணை மறுபடி உட்காரவைத்து ஊற்ற முடியுமா? என் மகளை அப்புறம் யாரும் படம் எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். லைட் பிடிக்கிற வேலையும் இருக்காது.

சீட்டு எடுத்த பணம் என் இடுப்பில் இருந்தது. அதில் புதுசு வராது என்று மண்ணடிப் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போனோம். மாடியில் இருக்கிற கடை, ஜன்னல் கிடையாது, பட்டப் பகலிலும் டியூப் லைட்தான். கடைக்காரன் ரெண்டு கேமராவை எடுத்து முன்னால் வைத்தான். ஒன்று பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. அதன் லென்ஸ் சுரைக்காய் நீளம். இன்னொன்று பழசு, பிடிக்கிற இடத்தில் ரப்பர் உரிந்திருந்தது, லென்ஸ் என்னவோ மாத்திரை டப்பா அளவுக்குத்தான் இருந்தது. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை சொன்னான்.

"ஆயா, பெருச எடுத்துக்கோ. பார்ட்டி பெரிய பார்ட்டின்னு நெனப்பான்" என்றான்.

"உனக்கு நான் ஆயா இல்ல. காசு குடுத்து வாங்க வந்தவ" என்றேன். ஆனால் அவன் சொன்னது எனக்கும் சரி என்று பட்டது. மாத்திரை டப்பாவை மாட்டிக்கொண்டு போய் நின்றால் யார் மதிப்பார்கள்? ஊர் எல்லாம் கையில் போன் வைத்துக்கொண்டு படம் எடுக்கிறது.

"பெருசையே பேசி முடிடி" என்றேன்.

அவள் சின்னதை எடுத்து லென்ஸைக் கழற்றி, விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். பெரிசையும் அப்படியே பார்த்தாள். கடைக்காரனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு, "பெருசுக்கு ஆள் வந்துகினு கீறாரு. திருவொத்தியூர்ல இருந்து கெளம்பிட்டாராம். அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான்.

"இன்னாடி ரோசன? எடு" என்றேன்.

"சடங்கு வீட்ல, தண்ணி ஊத்தற எடத்துல ஒரே ஒரு பல்புதான்மா கீது. ஜன்னல் இல்ல. தண்ணி ஊத்திகினே இருப்பாங்க, அந்தப் பொண்ணு அசையாம ஒக்காராது" என்றாள்.

"ஃபிளாஷ் போடேன்."

"ஈர மூஞ்சில ஃபிளாஷ் அடிச்சா வெள்ளையாப் பூடும். வெளிச்சம் பட்டா அது மூஞ்சிய வேற மூடிக்கும்."

பேசிக்கொண்டே எழுந்து போய், கடைக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல், டியூப் லைட் ஸ்விட்சை எல்லாம் அணைத்துவிட்டாள். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த குட்டி பல்பு மட்டும்தான் மிச்சம்.

"ஏம்மா, இன்னா பண்ற? சாமான் எல்லாம் வெளிய கீது, லைட்டப் போடு" என்று அவன் கத்தினான்.

"சாமான எவனும் தூக்கிகினு போவ மாட்டான். அம்மா, நீ தலைய ஆட்டு. தண்ணி ஊத்தறாங்கன்னு நெனச்சுக்க."

எனக்கு மானமே போனது. ஆனாலும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவள் மாதிரி ஆட்டினேன். பெரிய கேமரா க்ளக்கென்று திறந்து, யோசித்து யோசித்து மூடியது. சின்னது டக் டக்கென்று அடித்தது. லைட்டைப் போட்டு ரெண்டையும் காட்டினாள். பெரிசில் என் முகம் சாம்பிராணிப் புகை மாதிரி கலைந்து கிடந்தது. சின்னதில் நான் இருந்தேன். நெற்றிச் சுருக்கம், முன்பல் போன இடம், எல்லாம் தெரிந்தது.

நான் விடவில்லை. "காது எங்கடி? கம்மல் மங்கலா கீது. பொண்ணுக்குப் போட்ட நகை தெரியலன்னா அம்மாக்காரி சும்மா வுடுவாளா?"

"தண்ணி ஊத்தறப்ப நகை ஏதும்மா?"

கடைக்காரன் சிரித்துவிட்டான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிசுக்கு வருகிற ஆளோ என்று வாசல் பக்கம் திரும்பினேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என் பேச்சைத் தட்டாதவள்.

"எனக்கு இதுதாம்மா வேணும். முடியாதுன்னா சொல்லு, எவன் காலையாவது புடிச்சி லைட்டே புடிக்கறேன்" என்றாள்.

என் மகள் ஒருத்தன் காலைப் பிடிப்பதா? இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். படி ஏறி வந்தவர் டீக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை நான் பயந்த மாதிரியே ஆயிற்று. பெண்ணின் அத்தைக்காரி அந்த லென்ஸை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாது, பாதிதான் வாங்கினியா? மீதி எப்ப வரும்?" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகள் முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். நான் புருஷன் போனவள், உள்ளே போகவில்லை. வெளியே நாற்காலியில் ஆம்பளைகளோடு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே சொம்புச் சத்தம், மாமிகளின் கேலி, அந்தப் பெண் குளிரில் கீச்சென்று கத்தியது எல்லாம் கேட்டது. டக் டக்கென்ற சத்தத்தை மட்டும் என் காது தேடிக்கொண்டே இருந்தது. நடுவில் அது நின்றுபோனது. தண்ணி உள்ளே போய்விட்டதோ, பழைய சாமான் செத்துவிட்டதோ என்று நான் எழுந்தே விட்டேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னாம்மா, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?" என்று கேட்டார். அப்புறம் திரும்ப அந்தச் சத்தம் வந்தது. லென்ஸில் தெறித்த தண்ணியைத் துடைத்தாளாம்.

வெளியே வந்தபோது அவள் ரவிக்கை நனைந்திருந்தது, கேமரா நனையவில்லை. பெண்ணின் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சின்ன திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் நின்றுவிட்டாள். அவள் ஊற்றுகிறாள், மகள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

"இவ எப்ப சிரிச்சா? நான் பாக்கவே இல்லியே" என்றாள். பிறகு, "இத நல்லா பெருசாப் போட்டுக் குடு யக்கா" என்றாள். அத்தைக்காரி தன் படம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கப்புறம் என் மகள் எவனுக்கும் லைட் பிடிக்கப் போகவில்லை.

பெரிய கேமரா பார்க்க லட்சணமாக இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அது பொய்யில்லை. ஏண்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறதை விட்டுவிட்டு எதுக்குச் சிரிக்கறே? பெரியவன் மகளாச்சே, எழுத்து நல்லா இருக்கும்னு உன்னை உட்காரவெச்சேன். கடையில் உங்க அத்தைகிட்ட நான் தோத்துட்டேன்னு நீயா எதுவும் சேர்த்து எழுதிக்கிறியா? எங்க, மொதல்லேர்ந்து படி, கேப்போம்.