ஆனேக்கல் பாறையில் ஒன்பதாவது குழி

போன திங்கட்கிழமை ஆனேக்கல் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் குன்றை வெட்டிச் சாலை போட்ட இடத்தில், பாறைமேல் கயிறுகள் தொங்குவதை பஸ் ஜன்னலில் பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதே பாறையில் கயிற்றில் தொங்கி வெடி வைத்தவன் நான். மறுநாளே அந்தப் பாறைக்குத் திரும்பக் கிளம்பினேன்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், செல்போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.)

காலை 6.10க்கு நான் குடியிருக்கும் விவேக் நகரில் பஸ். சில்க் போர்டுக்குப் பதினெட்டு ரூபாய், அங்கிருந்து ஆனேக்கல் முப்பது. பக்கத்து சீட்டு அம்மாவுக்கு டிக்கெட் இலவசம், எழுபத்து நாலு வயசுக்காரனுக்குக் காசு. இருக்கட்டும். 8.15க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்.

"அங்க என்ன தாத்தா இருக்கு பாக்க?"

"நான் அடைச்ச குழி."

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒருநாள் ஒன்பது குழிக்குத் திரி கொளுத்தினோம். எட்டுச் சத்தம்தான் கேட்டது. "ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும். கைநாட்டுக்கு எண்ண வேற தெரியுமா?" என்றான் மேஸ்திரி. இறங்கிப் பார்த்தேன், ஒரு குழியில் வெடிமருந்து அப்படியே உள்ளே இருந்தது. களிமண்ணால் அடைத்துவிட்டு ஏறு என்றான். அடைத்தேன். என் கைதான் அடைத்தது. பக்கத்தில் உளியால் ஒரு பெருக்கல் குறி மட்டும் வெட்டிவைத்தேன்.

டிரில் போடுகிறவனுக்குப் பழைய குழி கிடைத்தால் கொண்டாட்டம். டிரில் முனை வழுக்காது, அதனால் முதலில் அங்கேதான் வைப்பான். நானே அப்படி வைத்திருக்கிறேன். முனை உள்ளே இருக்கும் மருந்தில் பட்டால் ஆள் போய்விடுவான், அதுதான் பயம்.

சாலை வேலையை நடத்தும் இன்ஜினியரிடம் சொன்னேன்; கன்னடக்காரர், தாத்தாவை அஜ்ஜா என்பார். "ரெகார்டுல ஒண்ணும் இல்லியே அஜ்ஜா. எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

"எழுதத் தெரிஞ்சா அன்னைக்கே எழுதியிருப்பேன் சார்."

கயிற்றில் தொங்கி டிரில் போடும் முருகேசன், கிருஷ்ணகிரிக்காரர், இடுப்பு வாரை மாட்டிக்கொண்டே சிரித்தார். "பெருசு, முப்பது வருஷ மழையில மருந்து கரைஞ்சே போயிருக்கும்."

"அப்போ கண்ணை மூடிட்டு அங்க டிரில்லை வையேன்?"

அவர் சிரிப்பு நின்றது. இன்ஜினியர் மட்டும் கையைக் காட்டினார், வேலையைத் தொடங்கு என்று.

கயிற்று வேலையில் ஒரு சட்டம் உண்டு: கீழே ஆள் இருந்தால் மேலே வேலை கூடாது. எதிரே இருந்த டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து, பாறைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தேன். 9.20 இருக்கும்.

"எழுந்திருங்க அஜ்ஜா, போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

பத்தே முக்கால் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முருகேசனே, "நான் வெறுங்கையோட எறங்கிப் பாக்குறேன் சார்" என்றார். உச்சியிலிருந்து மூன்று ஆள் உயரம், தண்ணீர் வழிந்து கறுத்த தடத்துக்கு இடதுபக்கம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். கயிற்றில் இறங்கி, பாசியைக் கையால் வழித்தார். பிறகு கீழே பார்த்துக் கத்தினார்.

"பெருக்கல் குறி இருக்கு சார். பக்கத்துல களிமண்ணு."

இன்ஜினியர் எல்லோரையும் வெளியேற்றினார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சொல்லுங்க அஜ்ஜா, எழுதிக்கறேன்." எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சாலையை அடைத்திருக்கிறார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பாறையில் பழைய குழி கண்டால் குச்சியால் நோண்டாதீர்கள். டீ பத்து ரூபாய், நாற்காலிக்கு வாடகை கேட்கவில்லை.

லைசென்ஸ் உள்ள வெடிக்காரர் வந்து அதை வெடிக்கவைப்பாராம். நாள் தெரிந்ததும் போவேன். எட்டோடு நிற்கிற என் கணக்கில் இன்னும் ஒரு சத்தம் பாக்கி.