ஒன்பதரை மணி விமானம்

எழுபதுகளில் ஜவ்வாது மலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பக்கத்து வீட்டு விவசாயி சின்னப்பனின் தம்பி ராணுவத்தில் இருந்தான். அவன் சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போகும்போது, பாறைமேல் நின்று வெள்ளை வேட்டியை ஆட்டுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

“முந்நூறு கிலோமீட்டர், முக்கால் மணிப் பயணம். ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு இங்கே” என்று கணக்குச் சொன்னேன்.

இருவரும் பாறைமேல் காத்திருந்தோம். ஒன்பது நாற்பதாகியும் விமானம் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“குந்துங்க சார். நம்ம பஸ்ஸு மட்டும் இன்னா நேரத்துக்கா வருது?” என்று சிரித்தார். நான்தான் விமானம் வேறு வழியில் போயிருக்கும் என்று வற்புறுத்தி அவரைக் கீழே அழைத்துவந்தேன்.

புளியமரத்தடியில் நடக்கும்போது தலைக்குமேல் இரைச்சல் கேட்டது. வேட்டியை ஆட்டிக்கொண்டே ஓடினார். பாறையை எட்டுவதற்குள் விமானம் போய்விட்டது.

பிறகு தம்பியிடமிருந்து வந்த கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ‘கண் வலிக்கப் பார்த்தேன் அண்ணா, உன்னைக் காணோம்.’ ‘பார்த்தேன் அண்ணா’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

“ஓடிக்கினே ஆட்டுனதே தெரிஞ்சிருக்கு பாருங்க சார்!” என்றார்.

நிமிடம் பிசகாமல் நாட்குறிப்பு எழுதுபவன் நான். மீதி இரண்டு சொற்களை அதில்கூட எழுதவில்லை.