பூஜ்யம் விழுந்த வார்டு

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வார்டுக்கு இருபது வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் சுடலைமணி. எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதுவும் மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை என்றால், யாரும் அலுவலகத்துக்குச் சொல்வதில்லை; அவருடைய செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு சைக்கிளில் வருவார். கீழத்தெரு வால்வைக் கொஞ்சம் அடைத்து, மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டுப் போவார்.

எந்த வார்டில் எத்தனை குடிநீர்ப் புகார் என்பதை இப்போது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறார்கள். புதுக் குழாய் யாருக்கு என்று முடிவுசெய்ததும் அதைப் பார்த்துத்தான். மூன்று வருஷமாக எங்கள் வார்டுக்கு நேரே பூஜ்யம். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குக் குறையே இல்லையாம். குழாய் பக்கத்து வார்டுக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் அந்தப் பட்டியலைக் காட்டி சுடலைமணியைப் பாராட்டினார்கள்.

அடுத்த முறை தண்ணீர் விட்ட அன்று, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குக் கிளம்பிய மேட்டுத் தெரு வெள்ளைத்தாய் அவரைச் செல்லில் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, ரெண்டு கொடங்கூட நெறயல.”

“இனிமே எனக்குப் போன் போடாத, தாயி. தண்ணி ஆபீஸுக்குப் போட்டு, சுடலைமணி தண்ணி ஒழுங்கா விடலன்னு புகார் குடு.”

“ஒங்க மேலயா? எப்படி அண்ணாச்சி வாய் வரும். விடுங்க, இருக்கத வச்சுப் பாத்துக்கிடுதோம்.”

சுடலைமணி வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அன்றைக்கும் எங்கள் வார்டுக்குப் பூஜ்யம்தான்.