மாப்பிள்ளையின் கட்டைவிரல்

கார் மெக்கானிக் தொழிலில் ஒரு வசதி உண்டு: வண்டி கிளம்பினால் நாம் கெட்டிக்காரர், கிளம்பாவிட்டால் வண்டி பழசு. ஸ்டார்ட் ஆகாத காரின் முன் நின்று வியர்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. இஞ்சினில் பொறி விழும் நேரமான டைமிங்கை வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் சொன்னேன்; பிறகு ஊரும் சொன்னது.

எண்ணெய்க் கை

ஒரு சாரல் நாள் காலையில் குற்றாலத்திலிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளை கார் கிளம்பவில்லை. ஒன்பது மணிக்கு அச்சன்புதூரில் முகூர்த்தம். சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. எப்படியும் கிளம்பிவிடும் என்று நம்பிச் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பட்டு வேட்டியில் மாப்பிள்ளையும், இடுப்பில் துண்டோடு டிரைவரும் நின்றார்கள். டிரைவர் உடம்பெல்லாம் எண்ணெய்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பியவரை, வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாரல் ஈரத்தில் வண்டி மக்கர் செய்ய, பிளக்குகளுக்கு முறைவைத்துப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே தொட்டும் விலகியும் பொறி உண்டாக்கும் பாயிண்டை விரலாலேயே துடைத்திருக்கிறார். ஈரம் போனது, எண்ணெய் ஏறியது. துணியால் துடைத்தால் என்ன என்று கேட்டேன். "கட்டியிருக்க துண்ட அவுத்தா தொடைக்க முடியும், அண்ணாச்சி?" என்றார்.

பத்திரிகை

டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே உருவி, பெட்ரோலில் கழுவி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தேன். இடைவெளி பார்க்கும் தகடு பட்டறையிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையை நடுவே விட்டு அளந்தேன், சரியான கனம். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஹேண்டிலைச் சுழற்றியதும் கார்பரேட்டர் வழியாக டமார் என்று வெடித்தது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, வெடியெல்லாம் பொண்ணு வீட்டுல போடுதாங்க. என்னை அங்கன கொண்டு சேத்தா போதும்" என்றார்.

சோதனை

மணி எட்டு. அடையாளம் வைக்காமல் அவசரத்தில் உருவியது நான்தான். பழியை எண்ணெய் மேல் போட வழியில்லை. அரைச்சுற்று மாறி மாட்டியிருந்தால் பொறி தப்பான நேரத்தில்தான் விழும். அதைக் கண்டுபிடிக்க, முதல் பிளக்கைக் கழற்றி, கரி படிந்த அந்தத் துவாரத்தை விரலால் அடைத்து, இஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் முள் முதல் வயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

டிரைவர் கை ஹேண்டிலில் வழுக்கியது. சுற்ற நான் போனேன். அவர் விரல் துவாரத்திலும் வழுக்கியது. மிஞ்சியது மாப்பிள்ளையின் கட்டைவிரல்தான். "தள்ளுது, தள்ளுது" என்றார். போய்ப் பார்த்தால் முள் நேர் எதிர்ப்பக்கம் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரை உருவித் திருப்பி மாட்டி, பிளக்கையும் பூட்டினேன். ஒரே சுழற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. டிரைவர் தாவி ஏறினார். "சட்டையை மட்டும் மாட்டிக்கிடுதேன், குளிப்பு சாயங்காலம்" என்றார்.

கயிறு

மூன்றாம் நாள் அதே கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்து, கை கழுவக்கூட நேரமில்லாமல் மணையில் உட்கார்ந்ததாக மாப்பிள்ளை சொன்னார். பக்கத்திலிருந்த புதுப்பெண் தாலிக் கயிற்றை நகர்த்திக் காட்டினார். மஞ்சளின் மேல் கருப்பாக ஒரு கட்டைவிரல் தடம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "முடிச்சு போட்டது அவுக, கரி மட்டும் உங்களோடது அண்ணாச்சி" என்றார்.

அன்றிலிருந்து எந்த டிஸ்ட்ரிபியூட்டரை உருவினாலும் முதலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். டைமிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.