கேப்டனுக்குக் குரல் கொடுத்தவள்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் விண்கப்பலை நடத்தும் பெண் கேப்டனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் என் அக்கா.

கப்பல் தீப்பிடிக்கும் காட்சியில், “எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருங்க. நான் பாத்துக்கறேன்,” என்று தணிந்த குரலில் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த டப்பிங் இயக்குநர், இன்னொரு டேக் வேண்டும் என்று விரலைச் சுழற்றினார்.

“கத்தும்மா!”

“பயந்து கிடக்கறவங்ககிட்ட கத்தினா இன்னும்தானே சார் பயப்படுவாங்க?”

அவள் பேசியதே ஒளிபரப்பானது.

வீட்டில்தான் அந்தக் குரல் எடுபடவில்லை. “கப்பலே என் பேச்சைக் கேக்குது, உங்க மாமா கேக்கறாரா பாரு!” என்பாள்.

என் அறுவைச் சிகிச்சையன்று, நடுங்கிக்கொண்டிருந்த என்னிடம் கேப்டனின் அதே தணிந்த குரலில், “நான் பாத்துக்கறேன்,” என்றாள். நடுக்கம் நின்றது.

சென்ற மாதம் அக்கா மருத்துவமனையில் கிடந்தாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. கண்களில் அப்படியொரு பயம். நான் குனிந்து, “நான் பாத்துக்கறேன்க்கா,” என்றேன். பதற்றத்தில் கத்திவிட்டேன் போலும். அவள் விரலை மெல்லத் தூக்கிச் சுழற்றினாள்.

தணிந்த குரலில் மறுபடி சொன்னேன். அவள் கண்களில் பயம் விலகியது. அன்று மாலை போய்விட்டாள்.

சரியாகச் சொல்ல எனக்கு இன்னொரு டேக் கொடுத்தாளே, அது போதும்.